விளைவிற் குறைவில்லை, விலையிற் குறைவது ஏன்?

ஒரே வாய்க்கால் நீரைப் பாய்ச்சி, ஒரே இன நெல்லை விதைத்து, ஒரே அளவு பசளையிட்ட இரு கமக்காரருள் ஒருவர் மற்றவரிலும் மூடைக்குக் குறைந்த விலை பெறுதல் எல்லாக் கிராமங்களிலும் காணப்படுவதே. அதிர்ஷ்டம் என்பர் சிலர். வியாபாரியின் சூழ்ச்சி என்பர் வேறு சிலர். சூழ்ச்சி செய்யும் வியாபாரிகள் இல்லாமலில்லை. ஆயினும் முற்றிலும் நேர்மையான வியாபாரி ஒருவர் வயற்கரைக்கு வந்து நின்றாலும், அவருக்குக் குறைந்த விலைக்கே கொடுக்கவேண்டிய நிலையிற் கமக்காரர் பலர் இருக்கின்றனர். அந்நிலை எவ்வாறு உண்டாகின்றது என்பதும், அதில் எவ்வளவைக் கமக்காரர் தம் முயற்சியால் மாற்றக்கூடும் என்பதும் இத்துண்டுப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

காத்திருக்க வல்லவர் யார்?

விலை பேசும் இருவருள், "இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம்" என்று சொல்லக்கூடியவர் எவரோ அவர் பக்கமே விலை சாயும். நெல் வாங்க வருபவரிடம் லொறி உண்டு, பண்டகசாலை உண்டு, கையிற் பணம் உண்டு, தொலைபேசியில் மூன்று ஊர் விலையை அவர் காலையிலேயே கேட்டறிந்திருப்பார். இந்த வயலில் விலை படியாவிடின் அடுத்த வயலில் வாங்குவார். கமக்காரரிடமோ ஈரநெல் குவிந்து கிடக்கின்றது. மழை இருட்டுகின்றது. அறுவடை இயந்திரக்காரர் கூலிக்காக நிற்கின்றார். பசளைக் கடைக் கடனும் அடைவு வைத்த நகையின் வட்டியும் நாட்கணக்கில் ஏறுகின்றன. நெல்லைக் கொட்டி வைக்கச் சாக்கும் இடமும் இல்லை. இவ்வாறான நிலையில் விலையைக் கூறுபவர் ஒருவர். அதனை ஏற்பவர் மற்றவர். பேரம் என்று சொல்வதற்கு அங்கு ஒன்றுமில்லை.

முன்னாளில் இந்நெருக்கம் இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. அருவி வெட்டி, உப்பட்டியாகக் காயவிட்டு, சூடு வைத்து, மாடுகளைக் கொண்டு மிதிக்கும் வரை நெல்லுக்குச் சில வாரங்கள் கிடைத்தன. தானியம் சூட்டிலேயே ஓரளவு உலர்ந்தது. ஊரில் ஒருவர் சூடு மிதிக்கும்போது வேறொருவர் வெட்டிக்கொண்டிருப்பார். ஆகையால் எல்லாருடைய நெல்லும் ஒரே நாளிற் சந்தைக்கு வரவில்லை. இன்று அறுவடை இயந்திரம் ஒரு வெளி முழுவதையும் சில நாட்களில் அறுத்து, அடித்து, ஈரத்துடனேயே கொட்டிவிடுகின்றது. கூலி மிச்சம், காலம் மிச்சம் என்பது உண்மை. எனினும் பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும், சிறுபோக நெல் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலும் ஒருங்கே வந்து குவிவதால் வாங்குவோரின் கை மேலோங்குகின்றது. இயந்திரத்தைக் கைவிடுமாறு கூறுதல் அறிவுடைமையன்று. சூடு கொடுத்த அந்தச் சில வார அவகாசத்தை வேறு வழியில் மீட்டுக்கொள்ள வேண்டும் என்பதே கருத்து.

நீருக்கு எவ்வளவு, நெல்லுக்கு எவ்வளவு?

ஈரநெல்லை விற்கும்போது வியாபாரி நிறையிற் கழிக்கின்றார், அல்லது விலையிற் குறைக்கின்றார். இக்கழிவு நியாயமானதா என்பதைக் கணக்கிட்டு அறியலாம். 100 கிலோ நெல்லில் 20 வீதம் ஈரப்பதன் இருப்பின், அதில் நீர் 20 கிலோ, உலர்பொருள் 80 கிலோ. அந்நெல்லைச் சேமிப்புக்கு ஏற்ற 14 வீத ஈரப்பதனுக்கு உலர்த்தினால், அதே 80 கிலோ உலர்பொருள் 86 வீதமாக நிற்கும். அப்பொழுது மொத்த நிறை ஏறத்தாழ 93 கிலோ. ஆகவே மெய்யான குறைவு 7 கிலோவே. 22 வீத ஈரமாயின் குறைவு 9 கிலோவுக்குச் சற்றுக் கூடும். 18 வீதமாயின் 5 கிலோவுக்குச் சற்றுக் குறையும். 20 வீத ஈரமுள்ள நெல்லுக்கு 100 கிலோவில் 12 கிலோ கழிக்கப்படுமாயின், நீருக்காக 7 கிலோவும், கமக்காரரின் இயலாமைக்காக 5 கிலோவும் கழிக்கப்படுகின்றன எனலாம்.

இக்கணக்கு மறுபுறமும் வெட்டும். உலர்த்திய பின் விற்பதற்கு 93 கிலோவே இருக்குமாதலால், உலர்ந்த நெல்லின் விலை ஈரநெல்லின் விலையிலும் ஏழரை வீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தாலன்றி உலர்த்துவதால் ஆதாயமில்லை. கிலோ 100 ரூபா வீதம் 1000 கிலோ ஈரநெல் 100,000 ரூபா தரும் என்று கொள்வோம். உலர்ந்த நெல்லுக்கு 115 ரூபா கிடைப்பின் 930 கிலோவுக்கு 106,950 ரூபா வரும். உலர்த்தும் கூலி போக மிகுதி இலாபம். உலர்ந்த நெல்லுக்கும் 106 ரூபாவே எனின் 98,580 ரூபாதான் வரும். வெயிலில் நின்றதற்கு நட்டமே கூலி. இதனைப் பார்க்காமல் "உலர்த்தியே விற்றல் வேண்டும்" என்று பொதுவாகப் போதித்தல் சரியன்று.

உலர்த்துவதாயின் முறையாக உலர்த்துதல் வேண்டும். நெல்லை இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றர் தடிப்பிற் பாயிலோ படங்கிலோ பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை கிளறிவிடவேண்டும். நண்பகற் கடும் வெயிலிற் சிறிது நேரம் மூடிவைத்தல் நன்று. விரைவாகக் காய்ந்த தானியம் இரவுப் பனியில் மீண்டும் ஈரமுறின் உள்ளே வெடிப்புக் கண்டு, ஆலையிற் குறுணியாகும். ஆகையால் மாலையில் நெல்லைக் கூட்டி மூடாது விடலாகாது. தார்வீதியிற் பரப்புதல் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. கல்லும் மணலும் சேர்வதும், சக்கரங்கள் ஏறித் தானியம் நொறுங்குவதும் ஒருபுறமிருக்க, இரவில் மூடிவைத்த நெற்குவியலில் மோதி உயிராபத்தும் நேரக்கூடும்.

ஈரமானி இல்லாதவர் உப்பைக் கொண்டு சோதிக்கலாம். நன்கு உலர்த்திய கறியுப்புத் தூளைச் சிறிதளவு, ஈரமற்ற கண்ணாடிப் போத்தலில் இட்டு, மூன்றிலொரு பங்குக்கு நெல்லை நிரப்பி மூடி, ஒரு நிமிடம் வரை குலுக்கிக் கால் மணி நேரம் வைக்கவேண்டும். உப்புப் போத்தலின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 வீதத்திலும் கூடுதலாகும். ஒட்டாவிடின் நெல் பெரும்பாலும் சேமிக்கத் தக்கது. பல்லாற் கடித்துப் பார்க்கும் பழைய முறையும் அனுபவமுள்ளவர்க்குப் பயன்படும். ஆயினும் வியாபாரியுடன் வாதாட அது போதாது.

சேமிக்கும் சாக்குகள் முன்னர்ப் பயன்பட்டவையாயின் கொதிநீரில் அமிழ்த்தி வெயிலிற் காயவிடல் வேண்டும். இல்லையேல் பழைய அந்துவும் வண்டும் புதிய நெல்லுக்குக் குடிபோகும். மூடைகளை நிலத்தில் வையாது மரச்சட்டங்களின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி விலக்கி அடுக்கவேண்டும்.

எவர் காத்திருக்கலாகாது?

விலை உயரும் வரை நெல்லை வைத்திருத்தல் எல்லார்க்கும் ஆதாயம் தருவதன்று. நகையை அடைவு வைத்து மாதம் 2 வீத வட்டி கொடுப்பவர் மூன்று மாதம் காத்திருந்தால் 6 வீதம் வட்டிக்கே போகும். அத்துடன் எலி, வண்டு, நிறைக்குறைவு எனக் குறைந்தது ஒரு வீதமாவது சேரும். விலை 7 வீதத்துக்கு மேல் ஏறுமென்ற நியாயமான நம்பிக்கை இல்லாவிடின் உடனே விற்றுக் கடனை அடைத்தலே நன்று. நடைமுறையிற் பலர்க்கும் ஏற்றது இடைவழியாகும். இயந்திரக் கூலிக்கும் வட்டி மிகுந்த கடனுக்கும் போதிய அளவை அறுவடையின்போதே விற்று, எஞ்சியதையும் வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் உரியதையும் உலர்த்தி வைத்தல் வேண்டும். முழுவதையும் வைத்திருந்து, பின்னர் மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அவசரப்பட்டு விற்பவர் அறுவடைக் காலத்து விலையிலும் குறைவாகப் பெற்றதுண்டு. பண்டகசாலையில் நெல்லை ஒப்படைத்து, பற்றுச்சீட்டின் பேரில் வங்கியிற் கடன் பெறும் வசதி சில இடங்களில் உண்டு. அது கிடைக்குமிடத்து, வெளியார் வட்டிக்குக் கடன்படுவதிலும் அதுவே மேலானது.

அரசாங்கக் கொள்வனவும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1940களில் தொடங்கிய உத்தரவாத விலைத் திட்டத்தின் வழியில், 1971ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் நாடு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125 ரூபா, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபா என அரசாங்கம் விலை அறிவித்தது. சபை விளைவு முழுவதையும் வாங்குவதில்லை. அதன் களஞ்சியங்கள் சில இடங்களிற் காலம் தாழ்த்தியே திறக்கப்படுகின்றன என்ற முறைப்பாடும் உண்டு. எனினும் அறிவிக்கப்பட்ட விலை தனியார் விலைக்கும் ஓர் அளவுகோலாக அமைகின்றது. அவ்விலை உலர்ந்து தூய்மையான நெல்லுக்கே உரியது. சப்பியும் வைக்கோற் துண்டும் நாடும் சம்பாவும் கலந்த நெல்லுடன் வாயிலில் நிற்பவருக்கு அறிவிப்பினாற் பயனில்லை.

மரக்கறிச் செய்கையாளர் நிலை

நெல் சில மாதம் காத்திருக்கும். கத்தரியும் பயிற்றங்காயும் ஒரு நாள் காத்திருப்பதே அரிது. ஆகவே மரக்கறிச் செய்கையாளர் தம் பேரத்தை அறுவடை நாளிலன்று, நடுகை நாளிலேயே தொடங்கவேண்டியவராவர். வழமையில் நடப்பது யாது? ஒரு போகத்திற் பூசணி நல்ல விலைக்குப் போனால் அடுத்த போகத்தில் ஊர் முழுவதும் பூசணி நடும். உண்போரின் வயிறு அவ்வளவுக்குப் பெருப்பதில்லை. சந்தைக்கு வரவு பத்திலொரு பங்கு கூடினால் விலை பத்திலொரு பங்குக்கும் மேலாக விழுவது மரக்கறியின் இயல்பு. பின்னர் வெறுத்து எல்லாரும் கைவிட, அடுத்த முறை விலை மீண்டும் ஏறும். சென்ற போகத்து விலையைப் பார்த்து நடுபவர் எப்போதும் ஒரு போகம் பிந்தியே நடக்கின்றார்.

தோட்டத்தின் முழுப்பரப்பையும் ஒரே நாளில் நடாமல் மூன்று பங்காக்கி, இரண்டு வார இடைவெளியில் நட்டால், விலை வீழ்ந்த வாரம் விளைவின் ஒரு பகுதியை மட்டுமே தாக்கும். இது தோட்டப்பயிருக்குரிய அறிவுரை, வயலுக்கு உரியதன்று. வயலில் ஒருவர் தனித்துப் பிந்தி விதைப்பின் வாய்க்கால் நீரும் தவறும், கபிலத் தத்தி முதலிய பீடைகளும் அவர் வயலையே நாடும். நெல் விதைப்புக் காலத்தைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வெளி முழுவதற்கும் பொதுவாகத் தீர்மானித்தலே முறை.

விற்பனையிடத்துக் கணக்கையும் கமக்காரர் நன்கு பார்ப்பதில்லை. வடபகுதிச் சந்தைகள் பலவற்றில் நூறு கிலோ மரக்கறிக்குப் பத்துக் கிலோ கழிவு எடுக்கும் வழக்கம் நீண்டகாலமாக முறைப்பாட்டுக்கு உள்ளாகி வந்துள்ளது. வாடல், அழுகல் என்பன காரணமாகக் கூறப்படும். இதற்கு மேல் தரகும் பத்து வீதம் என்று கொள்வோம். சந்தையிற் கிலோ 100 ரூபா என்று கூறப்பட்டால், கழிவு போக 90, தரகு போக 81 ரூபாவே கையில் வரும். லொறிக் கூலி இன்னும் கழிக்கப்படவில்லை. தோட்டத்துக்கே வந்து கழிவின்றி 80 ரூபாவுக்குக் கேட்பவரை, "சந்தையில் 100 போகின்றது" என்று திருப்பியனுப்புவோர் பலர். கேட்கும் விலையையன்றிக் கையில் விழும் விலையையே ஒப்பிடல் வேண்டும்.

1999இல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பின் பல மாவட்டத்து மரக்கறிகள் ஓரிடத்திற் சேர்கின்றன. அங்கு சென்றடையும்போது சாக்கில் அமுக்கி ஏற்றிய தக்காளியும், பிளாத்திக்குக் கூடையில் வந்த தக்காளியும் ஒரே விலை பெறுவதில்லை. 2011இல் கூடைகளைக் கட்டாயமாக்கும் விதி கொண்டுவரப்பட்டபோது கமக்காரரும் வியாபாரிகளும் எதிர்த்தனர். திரும்பி வரும் வெறுங்கூடைக்கும் லொறிக் கூலி உண்டாகையால் அவ்வெதிர்ப்பில் நியாயமும் இருந்தது. கூடை வாங்க இயலாதவர் காலை வெயிலுக்கு முன் பறித்து, நிழலிற் குவித்து, சொத்தையையும் சிறியதையும் வேறாக்கி, சாக்கை முக்காற்பங்கு மட்டும் நிரப்பி அனுப்பலாம். சொத்தையை நல்ல காயுடன் மறைத்து அனுப்புபவரே பத்துக் கிலோக் கழிவுக்கு ஆதாரம் கொடுப்பவர்.

மிளகாய்ச் செய்கையாளர்க்கு ஒரு வாயில் கூடுதலாக உண்டு. பச்சை மிளகாயின் விலை பறிப்புக் கூலிக்கும் போதாதபோது பழுக்கவிட்டு உலர்த்தலாம். மூன்று முதல் நான்கு கிலோ பழம் ஒரு கிலோ செத்தலாகும். அந்த அளவில் விலையைப் பெருக்கிப் பார்த்து முடிவு செய்க.

கடல் கடந்து வரும் போட்டி

கமக்காரர் தம் முயற்சியால் மாற்ற இயலாத பின்னடைவும் உண்டு. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வெங்காயமும் செத்தல் மிளகாயும் அதுகாறும் காணாத விலை பெற்றன. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய வன்னிக் குடியேற்றங்களில் இளைஞர்கள் காடு வெட்டி மிளகாய் நட்டனர். 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, விலைகள் சரிந்தன. கிணற்றுக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் போட்ட முதல் மீளாதார் பலர். உருளைக்கிழங்குச் செய்கையாளரும் 1967 முதல் இறக்குமதித் தடையின் பாதுகாப்பில் இருந்து, 1996இல் அத்தடை நீங்கியபோது அதே நிலையைக் கண்டனர். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் இறக்குமதி வெங்காயத்துக்கும் கிழங்குக்கும் வரி பலமுறை ஏற்றியும் இறக்கியும் விதிக்கப்பட்டு வந்துள்ளது. சில வேளைகளில் அது கமக்காரரின் அறுவடைக்கு முந்தியும், சில வேளைகளிற் பிந்தியும் வந்தது.

மறுபுறத்து அரசாங்கத்தின் தீர்மானமும் இங்குள்ள விலையை அசைக்கும். 2023 டிசெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தி, 2024 மேயில் மீண்டும் அனுமதித்தது. இடைக்காலத்தில் இலங்கையில் வெங்காயம் மிகுந்த விலைக்கு விற்றது. கொட்டிலில் நல்ல வெங்காயம் தொங்கியவருக்கே அது பயன்பட்டது.

இவற்றிலிருந்து கமக்காரர் செய்யக்கூடியது, வரியை நம்பி முழு நிலத்தையும் ஒரே பயிருக்கு ஒப்படையாதிருத்தல். பரந்த நிலத்தில் விளையும் பெரிய வெங்காயத்துடன், மூன்று பரப்புத் தோட்டத்தில் இறைத்து விளைவிப்பவர் விலைக்கு விலை நின்று போட்டியிடல் கடினம். சின்ன வெங்காயத்தின் காரமும் மணமும் வேறு. அதனை விரும்பி வாங்குவோரும் வேறு. அதன் பலம் நீண்ட நாள் கெடாதிருப்பதிலேயே உள்ளது. ஆகையால் அறுவடைக்குப் பத்து முதல் பதினான்கு நாளுக்கு முன் நீர் நிறுத்தல், கடைசிக் காலத்தில் யூரியா இடாமை, தாளிற் பாதிக்கு மேல் மடிந்த பின்னரே கிளப்புதல், நிழலிற் சில நாள் உலர்த்திப் பிடிகளாகக் கட்டிக் காற்றோட்டமுள்ள கொட்டிலில் தொங்கவிடல், தடித்த கழுத்துள்ளதையும் காயப்பட்டதையும் முதலில் விற்றல் ஆகியவற்றைக் கவனித்தல் வேண்டும். நிறை கூடும் என்று கடைசி வாரம் வரை இறைத்து யூரியாவும் இடுபவர், அந்த நிறையை அழுகலாகவே இழப்பார்.

கூடி விற்றல்

ஐந்து மூடை உடையவருக்கு லொறி வராது. ஐம்பது மூடை ஓரிடத்தில் இருப்பின் லொறி தேடி வரும். இது புதிய செய்தியன்று. யாழ்ப்பாணப் புகையிலைச் செய்கையாளர் திருவிதாங்கூர்ச் சந்தைக்குத் தனித்தனியே வியாபாரிகளை நம்பியிருந்த காலத்தில், 1930களில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை அமைத்து, கூடி அனுப்பி, கூடி விலை பேசினர்.

இவ்வகை முயற்சிகள் இன்று தொடங்கிய வேகத்திலே முறிவதற்குப் பெரும்பாலும் இரு காரணங்கள் உண்டு. ஒருவருடைய ஈரமூடை ஐம்பது மூடையின் பெயரையும் கெடுக்கின்றது. இன்னொருவர், வியாபாரி இரகசியமாக ஒரு ரூபா கூட்டிக் கொடுத்ததும் தம் பங்கை விலக்கி விற்றுவிடுகின்றார்; அடுத்த நாள் அந்த ஒரு ரூபா எவர்க்கும் கிடைப்பதில்லை. ஆகவே முதலிற் பெரிய சங்கம் அமைக்க முயலாது, ஒரே இனத்தை விதைத்த எட்டுப் பத்து அயலவர் மட்டும் சேர்ந்து, ஒரே தரத்துக்கு உலர்த்தித் தூற்றி, ஒருவரைப் பேச்சுக்கு நியமித்தல் போதுமானது. தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை உண்டா என்பதை அவரே பார்க்கட்டும். கிராமக் கமக்காரர் அமைப்புக்கு ஒரு படங்கும் ஓர் ஈரமானியும் சொந்தமாக இருப்பின் பேச்சு வேறு விதமாக அமையும்.

விற்கும் நாளில் நாள், இனம், நிறை, கழிவு, தரகு, கூலி, கையில் வந்த பணம் ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைக்கவேண்டும். பல மாவட்டச் சந்தை விலைகளைக் கொழும்பிலுள்ள ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் தொடர்ந்து திரட்டி வெளியிடுகின்றது. அவற்றைக் கைத்தொலைபேசியிலும் பார்க்கலாம். இரண்டு மூன்று போகக் குறிப்புகளுடன் கமநல சேவை நிலையத்துக்கு வருவோர், அடுத்த நடுகையின் காலத்தையும் பயிரையும் பற்றி விவசாயப் போதனாசிரியருடன் கலந்து தீர்மானிக்கலாம். மரக்கறிச் செய்கையாளர் இதனை நாற்றுமேடை போடுவதற்கு முன்னரே செய்தல் வேண்டும்.